தள்ளாட்ட நோய்: பூனையின் மூளையைக் கெடுப்பது வைரஸா, எதிர்ப்புச் சக்தியா?

ஏரிக்கரை:
ஸ்வீடனில் மேலாரன் ஏரிப் பக்கம் இருக்கிறேன். எங்கள் மீனுவுக்கு ஆறு வயது. வெளியே சுற்றி எலி பிடிப்பவள். மூன்று வாரமாக நடை சரியில்லை. முதலில் காதில் விழுந்தது சத்தம்தான்: மரத்தரையில் நடந்தால் டக் டக் என்று நகம் தட்டுகிறது. நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள முடியவில்லை. அப்புறம் பின்னங்கால் விறைத்துப் பின்னியது, வால் தொங்கிவிட்டது. இடுப்பைத் தொட்டால் சுள்ளென்று திரும்புகிறாள். ஆனால் முன்பு இல்லாத அளவுக்கு மடியில் வந்து ஒட்டிக்கொள்கிறாள். இங்கே 'விங்கெல்ஷூக்கா' என்று சொல்லும் தள்ளாட்ட நோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். ப்ரெட்னிசோலோன் கொடுத்துப் பார்ப்போமா என்று கேட்கிறார். மூளையில் வைரஸ் இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டு கொடுக்கலாமா?

வேலவன்:
கொடுக்கலாம் என்பேன். நான் திசு நோயியல் படித்தவன். இந்த நோயில் இறந்த பூனைகளின் மூளைத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கண்ணில் படுவது எதிர்ப்பு அணுக்களின் கூட்டம்தான். சின்ன ரத்தக்குழாயைச் சுற்றி லிம்போசைட்டுகள் வளையல் மேல் வளையல் அடுக்கியதுபோல நிற்கும். சீழ் இருக்காது. இந்த நோய்க்குக் காரணமான ருஸ்ட்ரெலா வைரஸ் பெரும்பாலும் நரம்பணுக்களுக்குள் இருக்கிறது. அதைத் தேடி வருகிற கூட்டம் மூளையையே குலைத்துப் போடுகிறது. எலிகளில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். மூளையைத் தாக்கும் இன்னொரு வைரஸான போர்னாவை ஏற்றிய எலிக்கு எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கினால், மூளையில் வைரஸ் பெருகினாலும் நோய் வருவதில்லை. நோயுற்ற எலியின் எதிர்ப்பு அணுக்களை அதற்குச் செலுத்தினால் நோய் வந்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மரிக்கொழுந்து:
வேலவன் சார், நீங்கள் காட்டுகிற சான்றே போர்னாவுடையது. அந்தப் பெயரால்தான் இந்த நோயில் இத்தனை காலம் வழிதவறினோம். 1974இல் ஸ்வீடனில் இதை எழுதி வைத்தார்கள். 90களில் போர்னாதான் காரணம் என்ற பேச்சு வலுத்தது. பல பூனைகளில் அந்த வைரஸ் சிக்கவே இல்லை, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 2023இல்தான் ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜெர்மனிப் பூனைகளின் மூளைகளை ஆராய்ந்து, 29இல் 27 பூனைகளில் ருஸ்ட்ரெலாவைக் கண்டார்கள். நோயில்லாத பூனைகளில் அது இல்லை. ருஸ்ட்ரெலா, மனிதருக்கு ஜெர்மன் தட்டம்மை தரும் ருபெல்லா வைரஸுக்குச் சொந்தம். போர்னா வேறு குடும்பம். ஒன்றின் எலிச் சோதனையை இன்னொன்றின் பூனைக்கு எப்படிப் பொருத்துவீர்கள்?

இன்னொன்று. உங்கள் கண்ணாடித் துண்டில் இருப்பது நோயின் கடைசி நாள். எதிர்ப்பு அணுக்கள் தீ வைத்தவர்களா, தீயை அணைக்க வந்தவர்களா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

வேலவன்:
வைரஸ் வேறு என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நரம்பணுவுக்குள் பதுங்குகிற வைரஸை உடம்பு எதிர்கொள்ளும் விதத்தில் ஒற்றுமை உண்டு. நரம்பணு செத்தால் திரும்பி முளைக்காது. வேறு உறுப்பில் ஆறிப்போகிற சண்டை மூளையில் ஆறாது. அதனால்தான் சண்டையைத் தணிக்கச் சொல்கிறேன்.

மரிக்கொழுந்து:
இதே வாதத்தை எஃப்ஐபி நோயில் பல பத்தாண்டு கேட்டோம். பூனைக் கொரோனா வைரஸால் வருவது அது. எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகிக் கொல்கிறது என்று ஸ்டீராய்டு கொடுத்தோம், பூனைகள் செத்துக்கொண்டே இருந்தன. அப்புறம் கலிபோர்னியாவின் டேவிஸில் ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வில் 31 பூனைகளில் 25 நெடுநாள் பிழைத்தன. வைரஸை நிறுத்தியதும் அழற்சி தானே அடங்கியது. மூளையைத் தாக்கிய எஃப்ஐபியிலும் அளவைக் கூட்டிக் கொடுத்துச் சில பூனைகள் தேறியிருக்கின்றன. நானே ஒரு குட்டியைப் பார்த்தேன்: தலை ஒருபக்கம் சாய்ந்து, கண்மணி ஆடிக்கொண்டு வந்தது. இரண்டாவது வாரம் தட்டிலிருந்து நேராகச் சாப்பிட்டது. அழற்சியோடு மட்டும் மல்லுக்கட்டியிருந்தால் அது போயிருக்கும்.

வேலவன்:
அது கொரோனாவுக்கு வாய்த்த மருந்து. ருஸ்ட்ரெலாவுக்கு அப்படி ஒன்று கையில் இல்லையே! மருந்து வருகிற வரை மீனு டக் டக் என்று நடந்துகொண்டிருக்க வேண்டுமா? வலிக்குச் சுள்ளென்று திரும்புகிற பூனை அது. வீக்கத்தையும் வலியையும் குறைக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம்.

காட்டுப்பூனை:
இடையில் ஒரு சொல். ருஸ்ட்ரெலாவைச் சுமப்பது வயல், காட்டு ஓரத்து எலிகள். ஜெர்மனியில் மஞ்சள்கழுத்து எலி, ஸ்வீடனில் மர எலி. மீனு இனி வெளியே போக வேண்டாம். வீட்டில் வேறு பூனை இருந்தால் அதையும் விடாதீர்கள்.

மரிக்கொழுந்து:
வேலவன் சார், வலிக்காக என்றால் என்னிடம் மறுப்பில்லை. 'எதிர்ப்புச் சக்திதான் குற்றவாளி, அடக்கினால் குணமாகும்' என்று பூனை வளர்ப்பவரிடம் சொல்வதைத்தான் மறுக்கிறேன். ஏரிக்கரை அக்கா, மருத்துவரிடம் இரண்டு கேளுங்கள். எஃப்ஐபி, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இரண்டையும் சோதித்துப் பார்த்தாரா? எஃப்ஐபியாக இருந்தால் மருந்து உண்டு, ஒரு நாளும் தள்ளக் கூடாது. டாக்ஸோபிளாஸ்மாவாக இருந்தால் ஸ்டீராய்டு அதைக் கிளறிவிடும். ப்ரெட்னிசோலோன் தொடங்கினால் எத்தனை நாளில் முன்னேற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

வேலவன்:
சோதனை முதலில் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஸ்டீராய்டில் என் கருத்து மாறவில்லை.

ஏரிக்கரை:
இப்போதுதான் பேசினேன். டாக்ஸோபிளாஸ்மா பார்க்கவில்லையாம். நாளை காலை ரத்தம் எடுக்கிறார்கள், எஃப்ஐபிக்கும் சேர்த்து. முடிவு வரும்வரை வலிமருந்து மட்டும். தரை முழுக்கக் கம்பளி விரித்துவிட்டேன். நகம் அதில் மாட்டுகிறது, மாட்டும்போதெல்லாம் நின்று என்னைப் பார்க்கிறாள். போய் எடுத்துவிட்டுக்கொண்டிருக்கிறேன்.