கண்ணழுத்தம் 14 இருந்தும் கிளாக்கோமா: எங்கள் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து, வயது 63

ஐந்து ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி மாற்றச் சென்ற இடத்தில்தான் எனக்கு, பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பழுதுபடும் நோயான கிளாக்கோமா இருப்பது தெரிய வந்தது. கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தமான கண்ணழுத்தம் இரு கண்களிலும் 14 மி.மீ. (பாதரச அளவு) தான். 10 முதல் 21 வரை இயல்பு என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் பார்வை நரம்பின் முகப்பில் குழி ஆழ்ந்திருப்பதையும், பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்டில் இடக்கண்ணின் மையத்துக்கு மிக அருகிலேயே ஒரு கறுப்புத் திட்டு விழுந்திருப்பதையும் மருத்துவர் காட்டினார். அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே நரம்பு பழுதுபடும் இந்த வகை அரிதானதன்று. ஜப்பானின் தஜிமி நகரில் 2000-2001இல் நடந்த ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமா (கண்ணின் திரவம் வடியும் கோணம் அடைபடாத வகை) கண்டறியப்பட்டவர்களில் 92 விழுக்காட்டினருக்குக் கண்ணழுத்தம் 21ஐத் தாண்டவில்லை.

சொட்டு மருந்தால் அழுத்தம் 11க்கு இறங்கியது. ஒரு நாளும் தவறாமல் விட்டும், இரண்டு ஆண்டுகளில் அந்தத் திட்டு பெரிதாகிவிட்டது. அப்போதுதான் மருத்துவர், "பி.பி. மாத்திரைகளை எப்போது சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். இரண்டையும் இரவு உணவுக்குப் பிறகு சாப்பிட்டுவந்தேன். கையில் பட்டை கட்டி 24 மணி நேரமும் ரத்த அழுத்தத்தைப் பதிவு செய்தபோது, பகலில் 132/82 என்றிருந்தது பின்னிரவு மூன்று மணிக்கு 94/48 ஆகியிருந்தது. உறக்கத்தில் 10 முதல் 20 விழுக்காடு குறைவது எல்லாருக்கும் இயல்பு. எனக்கு மேல் அளவே ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்திருந்தது.

மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் காட்டிய கணக்கு இன்றும் நினைவிருக்கிறது. கண்ணுக்குள் ரத்தம் நுழைய வேண்டுமானால் அது கண்ணழுத்தத்தை வென்றாக வேண்டும்; ஆகவே ரத்த அழுத்தத்தின் கீழ் அளவிலிருந்து கண்ணழுத்தத்தைக் கழிக்க வேண்டும். பகலில் 82இலிருந்து 11 போக 71 மிஞ்சியது. படுத்தால் கண்ணழுத்தம் சற்று ஏறும் என்பதால் இரவில் அதை 15 என்று கொண்டால், 48இலிருந்து 15 போக 33தான் மிஞ்சுகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்து 1995இல் வெளிவந்த ஆய்வில், இந்த மிச்சம் 30க்கும் கீழே இருந்தவர்களிடையே கிளாக்கோமா ஏறக்குறைய ஆறு மடங்கு மிகுந்து காணப்பட்டதாம்.

நலமான கண் இந்த இறக்கத்தைத் தானே சமாளித்துவிடும். ஏரியின் நீர்மட்டம் இறங்கும்போது நீர்பாய்ச்சி மதகை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வயலுக்கு அதே அளவு நீரை விடுவதைப் போல, விழித்திரையின் நுண்ணிய தமனிகள் விரிந்து ரத்த ஓட்டத்தை நிலையாக வைத்துக்கொள்கின்றன. அவற்றுக்குத் தன்னியக்க நரம்புகளின் கட்டளை வருவதில்லை. நாளங்களின் உட்சுவரே நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து விரியவும், எண்டோதீலினைச் சுரந்து சுருங்கவும் செய்கிறது. இந்த ஒழுங்கு குலைந்தவர்களுக்கு ஒவ்வோர் இரவும் பார்வை நரம்பு பட்டினி கிடக்க நேரலாம்.

என் பொது மருத்துவரும் கண் மருத்துவரும் கலந்து பேசி, ஒரு மாத்திரையைக் காலைக்கு மாற்றி, மற்றொன்றின் அளவைக் குறைத்தார்கள். அதன்பின் எடுத்த நான்கு ஃபீல்டு டெஸ்ட்டுகளிலும் திட்டு வளரவில்லை. இதனால் மட்டும்தான் நின்றது என்று நான் சாதிக்க மாட்டேன், ஏனெனில் அதே சமயத்தில் சொட்டு மருந்தும் மாற்றப்பட்டது. ஆனாலும் அந்தக் கேள்வியை என்னிடம் தொடக்கத்திலேயே யாரேனும் கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கோவையிலிருந்து, வயது 46

ஐயா, எனக்கு உயர் ரத்த அழுத்தமே கிடையாது. எப்போதும் 100/60தான், அதை எல்லாரும் பாராட்டியே வந்தார்கள். பதின்ம வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு, மார்கழியில் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுப் போகும். நாளங்கள் எளிதில் இறுகும் இத்தகைய உடல்வாகையும் கிளாக்கோமாவையும் இணைத்து ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் கண் மருத்துவர் யோசெஃப் ஃபிளாமர் நெடுங்காலம் ஆராய்ந்ததை என் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். பார்வை நரம்பின் விளிம்பில் கீற்றுப் போல ஒரு ரத்தக்கசிவு இருந்தது. வலியும் இல்லை, பார்வையில் மாற்றமும் இல்லை. நோய் முன்னேறுவதற்கு அது ஓர் அறிகுறி என்றார்கள். கண்ணழுத்தத்தைக் குறைக்க நான் இரவில் விட்டுவந்த டிமோலால் சொட்டு, மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து, உறக்கத்தில் இருக்கிற குறைந்த ரத்த அழுத்தத்தையும் மேலும் குறைக்கக்கூடும் என்பதால் அதை நிறுத்தி வேறொன்றைக் கொடுத்தார்கள். எந்தச் சொட்டை எந்த வேளையில் விடுகிறோம் என்பதை நான் அதுவரை ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து, நோயாளியின் மகன்

இருவருடைய பகிர்வுகளும் மிகவும் பயனுள்ளவை. எனினும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரத்த ஓட்டம்தான் காரணம் என்று எங்கோ படித்துவிட்டு, என் அம்மா யாரிடமும் சொல்லாமல் சொட்டு மருந்தை நிறுத்தி, எட்டு மாதங்கள் ஜின்கோ என்ற மூலிகை மாத்திரையை மட்டும் சாப்பிட்டு வந்தார். கண்ணழுத்தம் இயல்பாக இருப்பவர்களிடமும் அதை 30 விழுக்காடு குறைத்தால் பாதிப்பு மெதுவாகிறது என்பதை 1998இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் மருந்து எதற்கும் அவ்வளவு உறுதியான சான்று இன்னும் கிடைக்கவில்லை. அம்மா இப்போது ஒழுங்காகச் சொட்டு விடுகிறார். அந்த எட்டு மாதங்களில் வலக்கண்ணில் இழந்த பகுதி மட்டும் திரும்பவில்லை. படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறார்.