சைக்கிள்ல கொடைக்கானல் சுற்று போனவங்க: வழியில யாரை, எதைப் பார்த்தீங்க?

மூணாம்கியர்

வத்தலக்குண்டு, கொடைக்கானல், பழனி, ஒட்டன்சத்திரம், செம்பட்டி, மறுபடி வத்தலக்குண்டு. சுமார் 200 கி.மீ., இங்க இருக்கிற பாதிப் பேருக்கு மனப்பாடம். அதனால டம்டம் பாறையில நின்னு தலையாறு அருவியை போட்டோ எடுத்த கதையெல்லாம் வேண்டாம். பெருமாள்மலை தாண்டினப்புறம் நடந்ததை மட்டும் சொல்லிடறேன்.

சாயங்காலம். நல்ல பனிமூட்டம். பின்னாடி ரெண்டு பையும் கனம், இருக்கிறதுலயே சின்ன கியர்ல உருட்டிட்டு இருக்கேன். முன் லைட், பின் லைட் ரெண்டுமே மினுக்குற மோடு. ஒரு வளைவு திரும்பினா ரோட்டு நடுவுல நாலு வெள்ளைக் கால். அதுக்கு மேல ஒண்ணுமே தெரியல, உடம்பு பனியோட கரைஞ்சு கிடக்கு. காட்டுமாடு. என் லைட் ஒவ்வொரு தடவை மினுக்கும்போதும் ரெண்டு கண்ணு எரிஞ்சு எரிஞ்சு அணையுது. புஸ்ஸுன்னு மூச்சு விடுது, அந்த ஆவி லைட்ல தெரியுது. கீழே பஸ் ஒண்ணு கியர் மாத்தி ஏறுற சத்தம் வேற. லைட்டை அணைச்சா பஸ்காரருக்கு நான் தெரிய மாட்டேன். அணைக்கலைன்னா மாடு மிரளும். கை ஸ்விட்ச் மேலயே நிக்குது.

ஓரத்துல விறகுக்கட்டோட ஒரு அம்மா. எப்ப வந்தாங்கன்னே தெரியல. "தம்பி, முன்னால இருக்கறத மட்டும் அமத்துங்க. பின்னால எரியட்டும்." அமத்தினேன். கொஞ்ச நேரத்துல சரிவுல கல்லு உருள்ற சத்தம், மாடு இறங்கிருச்சு. பஸ்ஸும் ஒதுங்கித் தாண்டிப் போச்சு.

லைட்டை அமத்தினதால போச்சா, பஸ் சத்தத்துக்குப் போச்சா? இன்னும் ஓடிட்டே இருக்கு மண்டைக்குள்ள.

உருளைச்செட்டு

நீங்க ஏறினதே தப்பான பக்கம்ங்க. பழனிப் பக்கம் ஏறியிருந்தா இவ்வளவு பஸ் தொல்லை கிடையாது. ரோடு ஒடுக்கம், கொண்டை ஊசி வளைவு அதிகம், ஆனா அமைதி.

என் கதை மாடு இல்ல, ரிம், அதாவது சக்கர வளையம். பழனிப் பக்கம் இறங்கிட்டு இருந்தேன். சவரிக்காடு தாண்டி ஒரு வளைவுல பின்னாடி வெடி வெடிச்ச மாதிரி சத்தம். பிரேக் சூட்டுல ட்யூப் போயிருச்சு. டயரை லூஸ் பண்ணலாம்னு கை வச்சா, விரல் நுனி ரிம்மோட ஒட்டிப் பிரிஞ்ச மாதிரி ஒரு சுரீர். அந்த சுரீர்தான் இன்னும் மறக்கல.

இறங்கும்போது பிரேக்கைப் பிடிச்சே வராதீங்க. நேர் ரோட்டுல விட்டு, வளைவுக்கு முன்னாடி அழுத்திப் பிடிச்சு, மறுபடி விடணும். முன்னும் பின்னும் மாத்தி மாத்தி. பத்து வளைவுக்கு ஒரு தடவை நின்னு ஆற விடுங்க. காத்தை முழு அழுத்தம் அடிக்காதீங்க, சூட்டுல அது ஏறும். டிஸ்க் பிரேக்னாலும் பேட் கருகும், அது ஒண்ணும் மந்திரம் இல்ல. மழைன்னா ரிம் பிரேக் பிடிக்க இன்னும் கொஞ்ச தூரம் ஆகும், அதைக் கணக்குல வச்சுக்கோங்க. ரெண்டு ஸ்பேர் ட்யூப் இல்லாம, வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் பிரியற பெருமாள்மலை பிரிவுல வலப்பக்கமோ இடப்பக்கமோ எந்தப் பக்கமும் திரும்பாதீங்க.

தாராபுரத்தான்

பழனியில இருந்து ஏறச் சொல்ற அண்ணனுக்கு: ஆடி மாசம் அப்படிப் போய்ப் பாருங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்குல இருந்து அடிக்கும். ஒட்டன்சத்திரத்துல இருந்து பழனிக்கு நேர் மூஞ்சியில வாங்கிட்டு, அப்புறம் மலை ஏறணும். வத்தலக்குண்டு பக்கம் ஏறி பழனியில இறங்கினா, அதே காத்து முதுகுல தள்ளும். விருப்பாச்சி வரைக்கும் மிதிக்காமலே வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

மலைவாழை

ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. எனக்கு நடந்தது கொடைக்கானல் ஏரிக்கரையில.

1863-ல லெவிஞ்ச் துரை வெட்டின ஏரி, சுத்துனா சுமார் 5 கி.மீ.தான். மேலே வந்து சேர்ந்த மிதப்புல, சும்மா ஒரு ரவுண்டு போவோம்னு கிளம்பினேன். கால் ரெண்டும் கஞ்சியா இருந்துச்சு. வாடகை சைக்கிள்ல ஒரு பொண்ணு, எட்டு வயசு இருக்கும், மணி அடிச்சுட்டே என்னைத் தாண்டினா. தாண்டிட்டு மெதுவாக்கி, பக்கத்துல வந்து என் பைகளை ஒரு தடவை பார்த்தா. "அங்கிள், வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா?"

பதில் சொல்ல மூச்சு இல்ல. போயிட்டா.

அரைக்கால்சட்டை

யாராவது வெள்ளி அருவியில பாட்டில் நிரப்புறீங்களா? நிரப்பாதீங்க. ஏரி நிரம்பி வழியுற தண்ணிதான் அங்க விழுது. மேலே ஊர் எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுக்கோங்க. நான் அதுல முகம் கழுவிட்டு நிக்கிறப்ப மக்காச்சோளம் விக்கிற அக்கா பார்த்த பார்வை இருக்கே. ஒண்ணும் சொல்லல, சோளத்தைத் திருப்பிட்டே பார்த்தாங்க.

மேலே ஊர்ல சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குப் பசுமை வரி போட்டாங்க, அதனால வாங்கிக்கலாம்னு நம்பிப் போகாதீங்க. சொந்த பாட்டில் மூணு வைங்க. டீக்கடையில கேட்டா நிரப்பித் தருவாங்க, ஒரு டீயும் குடிங்க. உப்பு, சர்க்கரை, எலுமிச்சை கூட இருக்கட்டும். குளிருதேன்னு தண்ணி குடிக்காம ஏறுவாங்க பாருங்க, அவங்கதான் கடைசி வளைவுல கெண்டைக்கால் பிடிச்சு உக்காருறது.

ஊத்துக்காரன்

மூணாம்கியர் அண்ணே, நான் மலைக்காரன், சொல்றேன். கூட்டமா நின்னா பயம் கொஞ்சம் கம்மி. ஒத்தைக் காளைன்னா தள்ளி நில்லுங்க, பெரிய காளை ஒரு டன் வரைக்கும் வரும். அது இறங்க ஒரு பக்கம் வழி விடணும், அவ்வளவுதான். உங்களுக்கு முன்னாடி சரிவு காலியா இருந்துச்சு, போயிருச்சு. அந்தம்மா சொன்னது கண்ணு கூசாம இருக்க. பஸ்ஸுக்கு அதெல்லாம் மிரளாது, தினமும் பாக்குது.

மூணாம்கியர்

அப்ப லைட்டுதான்னு சொல்றீங்க?

ஊத்துக்காரன்

சரிவுன்னு சொல்றேன்.

செம்பட்டி சிங்கிள்ஸ்பீடு

லைட்டுன்னதும் ஞாபகம். தைப்பூசத்துக்கு முன்னாடி, இருட்டினப்புறம் ஒட்டன்சத்திரம் பக்கம் வந்துட்டு இருந்தேன். எதிர்ல பழனிக்கு நடக்குற கூட்டம். பின் லைட்ல சார்ஜ் போய் நின்னுட்டேன். பச்சை வேட்டியில ஒரு பெரியவர், கால்ல துணி சுத்தியிருந்தாரு. தன் தோள்பையில ஒட்டியிருந்த ஒளிரும் ஸ்டிக்கரை நகத்தால மெல்ல உரிச்சு, என் பை மேல ஒட்டி, உள்ளங்கையால ரெண்டு தட்டுத் தட்டினாரு. "சாமி, வண்டிக்காரன் கண்ணுல படணும்ல." நான் உங்களுக்கு வேணுமேன்னு சொல்றதுக்குள்ள அவர் செட்டு நகர்ந்துருச்சு. அவர் முதுகுல அதுக்கப்புறம் எதுவும் மின்னல.

தாராபுரத்தான்

தைப்பூச வாரம் ராத்திரி அந்த ரோட்டுல சைக்கிளே எடுக்கக் கூடாது சார். நடக்கிறவங்க பாதையும் நிரம்பி ரோட்டுக்கு வந்துருவாங்க. பகல்ல போங்க, இல்ல பழனியிலயே தங்கிட்டு விடியக்காலைல கிளம்புங்க.

உருளைச்செட்டு

பழனியில இருந்து ஏறியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.