ஜன்னலுக்கு மேல் கர்ட்டன் ராடு மாட்ட வேண்டும், துளை அரை இன்ச்சுக்கு மேல் இறங்கவில்லை

மடிப்பாக்கம் மாடிவீடு:
வணக்கம். சென்னையில் அபார்ட்மெண்ட், இரண்டாவது மாடி, வாடகை வீடு. துளை போட ஓனர் சம்மதித்துவிட்டார். ஹாலில் 5 அடி அகல ஜன்னல், மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் சோபாவில் உட்கார முடியாத வெயில். அதனால் உள்துணி வைத்துத் தைத்த கனமான திரைச்சீலை வாங்கியிருக்கிறோம்.

ஜன்னல் சட்டத்துக்கு மேலே இரண்டு இன்ச் விட்டுக் குறித்தேன். வீட்டில் இருப்பது 500 வாட் இம்பாக்ட் டிரில், கூடவே வந்த 6 மி.மீ. பிட். முதல் அரை இன்ச் மடமடவென இறங்கியது. அதற்கப்புறம் ஒரு நூல்கூட நகரவில்லை. சத்தம்தான் வருகிறது. பிட்டின் முனை நீலம் பாய்ந்து கருத்துவிட்டது. இடது பக்கம், வலது பக்கம் இரண்டிலும் இதே கதை. இன்னும் பலமாக அழுத்த வேண்டுமா, பெரிய மெஷின் வாங்க வேண்டுமா?

கோவை ஒர்க்‌ஷாப்:
சுத்தி படம் போட்ட பக்கம் சுவிட்ச் இருக்கிறதா? மெஷின் ரிவர்ஸில் சுற்றவில்லையே? சிரிக்காதீர்கள், பாதிக் கேஸ் இதுதான். இன்னொன்று, அந்த பிட் சுவருக்கானதா, இரும்புக்கானதா? சுவர் பிட்டின் நுனியில் தண்டைவிடச் சற்று அகலமாக ஒரு தகடு பதித்திருக்கும்.

தாம்பரம் வாசி:
எதற்கு இவ்வளவு பாடு? ஒட்டுகிற ஹூக் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இரண்டு ஒட்டினால் வேலை முடிந்தது.

ஓய்வுபெற்ற சூப்பர்வைசர்:
தாம்பரம் தம்பி, காலண்டர் மாட்ட அந்த ஹூக் போதும். உள்துணி வைத்த திரையைத் தினமும் இழுக்கும்போது ஹூக் கழன்று வராது, டிஸ்டெம்பரும் பட்டியும் சேர்ந்து தோலாக உரிந்து வரும். வாடகை வீட்டில் அதற்குத் துளையே மேல்.

மடிப்பாக்கம் சார், அழுத்தாதீர்கள். நீங்கள் மோதிக்கொண்டிருப்பது லிண்டல். ஜன்னல் திறப்பின் மேல் செங்கல் பாரத்தைத் தாங்கப் போட்ட கான்கிரீட் சட்டம் அது. பெரும்பாலும் ஆறு இன்ச் உயரம் இருக்கும், ஜன்னலின் இரு பக்கமும் அரையடி வரை சுவருக்குள் நீண்டிருக்கும். அதன் மேல் அரை இன்ச் கனத்துக்குப் பூச்சு. நீங்கள் சுலபமாகத் துளைத்தது அந்தப் பூச்சை மட்டும்தான். அதற்குப் பின்னால் இருப்பது கருங்கல் ஜல்லி.

உங்கள் மெஷினில் கோளாறு இல்லை. இம்பாக்ட் டிரிலுக்குள் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும், அதிர்வு அதிலிருந்துதான். ஒவ்வொரு அடியும் சின்னது. செங்கல்லுக்கும் பூச்சுக்கும் அது போதும், ஜல்லியைக் கண்டால் திணறும். ரோட்டரி ஹேமர் வேறு ஜாதி. உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி பிட்டின் பின்புறம் அடிக்கும். நாம் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், அடிப்பது மெஷின் வேலை. அதன் பிட்டும் வேறு, காடி வெட்டிய எஸ்டிஎஸ் தண்டு. உங்கள் மெஷினில் அது பொருந்தாது.

கருத்துப்போன பிட்டைத் தூக்கிப் போடுங்கள். முனையில் இருக்கும் கார்பைடு துண்டைப் பற்றவைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். அளவுக்கு மீறிச் சூடானால் கழன்றுவிடும். சூடான பிட்டைத் தண்ணீரில் முக்கும் பழக்கமும் வேண்டாம், விரிசல் விடும். பத்து நொடி ஓட்டி, வெளியே எடுத்து ஆறவிட்டு, மறுபடி ஓட்டுவதுதான் முறை.

ஆனால் மெஷின் வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். ராடு ஜன்னலை ஒட்டியே இருக்க வேண்டும் என்று சட்டமா? இன்னும் எட்டு, பத்து இன்ச் மேலே போங்கள். லிண்டல் முடிந்து செங்கல் வந்துவிடும். ஏற்றிக் கட்டிய திரை பார்க்கவும் நன்றாக இருக்கும், மேல் இடுக்கில் வெயிலும் வராது. பிராக்கெட் மறைக்கும் இடத்தில் ஒரு சோதனைத் துளை போட்டு, கீழே வெள்ளைக் காகிதம் பிடித்து, வரும் தூளைப் பாருங்கள். முதலில் பூச்சின் சாம்பல் தூள் வரும், அதை விடுங்கள். அதற்கப்புறம் செந்தூள் வந்தால் செங்கல். சாம்பலே தொடர்ந்து வந்து, நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகக் குருணை விழுந்தால் கான்கிரீட். கிறீச்சென்று சத்தம் வந்து பளபளவென்று சீவல் விழுந்தால் கம்பி, உடனே நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜன்னலுக்கு மேல் ஏசி பாயிண்ட் இருந்தாலோ, பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தாலோ, அதற்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள். ஒயர் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
மிக்க நன்றி சார். ஹேமர் மோடு, சுற்றும் திசை இரண்டும் சரிதான், சுவர் பிட்தான். புது பிட் வாங்கி மேலே பத்து இன்ச் ஏற்றிப் போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் செந்தூள்! இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. வலது பக்கம் அதே உயரத்தில் மறுபடியும் சாம்பல், மறுபடியும் அதே அடம். இங்கே எப்படி லிண்டல் வரும்?

ஓய்வுபெற்ற சூப்பர்வைசர்:
ஜன்னலின் வலது ஓரத்திலிருந்து அறை மூலை எவ்வளவு தூரம்?

மடிப்பாக்கம் மாடிவீடு:
ஒரு அடி இருக்கும். ராடு ஜன்னலைத் தாண்டி ஆறு இன்ச் நீள வேண்டும் என்று அங்கே குறித்தேன்.

ஓய்வுபெற்ற சூப்பர்வைசர்:
அப்படியானால் அது மூலைத் தூண். சுவரோடு சமமாகப் பூசிவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. பிராக்கெட்டை மூன்று நான்கு இன்ச் உள்ளே தள்ளினால் செங்கல் கிடைக்கலாம். தள்ள மனமில்லை என்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ரோட்டரி ஹேமர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு துளைக்காக மெஷின் வாங்குவது வீண்.

தூணில் துளை போடலாமா என்று பயப்பட வேண்டாம். தூணுக்குள் நெட்டாக நிற்கும் மெயின் கம்பிக்கு வெளியே குறைந்தது 40 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி அதைவிடச் சற்று வெளியே வரும். பூச்சையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 40 மி.மீ. ஆழத் துளை பெரும்பாலும் கம்பியைத் தொடாது. தொட்டால் வெட்டிக்கொண்டு போகாதீர்கள், ஒரு இன்ச் நகருங்கள்.

ஓ.எம்.ஆர். 14வது மாடி:
எங்கள் பிளாட்டில் செங்கல்லே கிடையாது. அலுமினிய அச்சு நிறுத்தி வார்த்த சுவர், எங்கே தொட்டாலும் கான்கிரீட். மேலே ஏற்றினாலும் பக்கத்தில் நகர்த்தினாலும் ஒன்றுதான். இப்படிப்பட்ட வீட்டில் முதலில் மெயிண்டனன்ஸ் ஆபீஸில் கேட்டுவிடுங்கள், சுவரே பாரம் தாங்குவது என்பதால் கட்டுப்பாடு இருக்கும். அப்புறம் நேராக ரோட்டரி ஹேமர்தான்.

அறந்தாங்கி தச்சர்:
எங்கள் பக்கத்து வழி ஒன்று சொல்கிறேன். ஜன்னலைவிட ஒரு அடி நீளமாக மூன்று இன்ச் அகல ரீப்பர் கட்டை ஒன்று இழைத்து, சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, துளை எங்கெல்லாம் நன்றாக இறங்குகிறதோ அங்கே மட்டும் நாலு ஸ்க்ரூ போட்டுப் பிடித்துவிடுங்கள். பிராக்கெட்டைக் கட்டையில் எங்கே வேண்டுமானாலும் முடுக்கலாம். அடுத்த வருஷம் வேறு ராடு மாற்றினாலும் சுவரைத் தொட வேண்டாம்.

கோவை ஒர்க்‌ஷாப்:
தச்சர் அண்ணன் சொன்னது நல்ல யோசனை. ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக் பற்றியும் ஒரு வார்த்தை. கனமான திரை என்பதால் 8 மி.மீ. துளை, 8 மி.மீ. பிளக், 40 மி.மீ. நீளம். பிளக் பூச்சுக்குள் மட்டும் நின்றால் ஒரே வாரத்தில் பிடுங்கிக்கொண்டு வரும், பின்னால் இருக்கும் செங்கல்லில் உட்கார வேண்டும். ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை சைக்கிள் பம்பால் ஊதிவிட்டு அடியுங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு! கண்ணாடி போட்டால் இன்னும் நல்லது. செங்கல்லில் துளை பெரிதாகிப் பிளக் சுற்றினால் தீக்குச்சி சொருகாதீர்கள், ஒரு சைஸ் பெரிய பிளக் போடுங்கள். ஐந்தடி ஜன்னல், இரண்டு பக்கமும் அரையடி என்றால் ராடு ஆறடி, நடுவில் மூன்றாவது பிராக்கெட் கட்டாயம் வேண்டும்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
தெருமுனை எலக்ட்ரீஷியன் ரோட்டரி ஹேமரோடு வந்தார். தூணில் முதல் துளை போட நான் ஸ்டூலைப் பிடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. நடு பிராக்கெட்டும் செங்கல்லில் நன்றாக உட்கார்ந்தது. தூணில் இரண்டாவது துளை மட்டும் 25 மி.மீ.யில் கிறீச்சென்றது, நிறுத்திவிட்டோம். அந்த பிராக்கெட்டில் மேலே கீழே இரண்டு ஓட்டைதான். இப்போது மேல் ஸ்க்ரூ மட்டும் இருக்கிறது. கீழே இல்லாமல் விடலாமா?

ஓய்வுபெற்ற சூப்பர்வைசர்:
விடக்கூடாது. ஒரே ஸ்க்ரூவில் பிராக்கெட் திரும்பிக்கொள்ளும். மேல் ஸ்க்ரூவையும் கழற்றி, பிராக்கெட்டை ஒரு இன்ச் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ரிங் கம்பி படுக்கையாக ஓடுவது, அதனால் உயரத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். அரை இன்ச் ஏற்றினால் மற்ற இரண்டையும் ஏற்ற வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். இடது பக்கம் உங்கள் பிராக்கெட்டில் நீள ஓட்டை இருக்கிறதா பாருங்கள், அதிலேயே நூல் கணக்கில் சரிசெய்யலாம். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு முடுக்குங்கள். பழைய துளைகளைப் பட்டி வைத்து அடைத்துவிடலாம்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
நீள ஓட்டைதான் சார். அவர் இன்னும் கிளம்பவில்லை, டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இப்போதே சொல்லிவிடுகிறேன்.