டவுனி 2001 இலை விழுந்து 2008 இலை எழும்பினார். இடையிலை என்ன நடந்தது?

நல்லூரான்:
வாற ஞாயிறு வாசிகசாலையிலை ஹொலிவூட் நடிகர் றொபேட் டவுனி ஜூனியரைப் பற்றி அரை மணித்தியாலப் பேச்சு. எங்கை தேடினாலும் "போதையிலை விழுந்தார், 'அயன் மான்' படத்திலை எழும்பினார்" எண்டு மட்டும்தான் கிடக்கு. 1992 இலை சாப்ளினா நடிச்சு ஒஸ்கார் பரிந்துரை வரைக்கும் போன ஆளை ஏன் ஒருதரும் படத்துக்கு எடுக்கேல்லை? மறியலுக்குப் போனதாலையோ, சனம் வெறுத்ததாலையோ?

குருநகர்க் கரை:
ரெண்டுமில்லை. காப்புறுதி.

2000 ஆவணியிலை மறியலாலை வந்த கையோடை 'அலி மக்பீல்' தொலைக்காட்சித் தொடரிலை சேர்ந்து, 2001 தையிலை கோல்டன் குளோப் விருதும் வாங்கினவர். சனம் வெறுத்திருந்தால் உது நடக்குமோ? சித்திரையிலை திரும்பப் பிடிபட்டதோடைதான் தொடராலை நிப்பாட்டினவை.

படத்துக்கு வங்கிக் கடன் வேணுமெண்டால், படத்தை முடிச்சுத் தருவம் எண்டு ஒரு கொம்பனி உத்தரவாதம் எழுத வேணும். முதன்மை நடிகருக்குக் காப்புறுதி இல்லாட்டி அவை எழுதமாட்டினம். ஆள் பாதியிலை மறியலுக்குப் போனால் எடுத்த காட்சியெல்லாம் வேறை ஆளை வைச்சுத் திரும்ப எடுக்கவேணும், செட் வாடகையும் ஆக்களின்ரை சம்பளமும் நாளுக்கு நாள் ஏறும். இங்கை ரெண்டு பிணையாள் இல்லாமல் வங்கியிலை கடன் எடுத்துப் பாருங்கோ, விளங்கும். இயக்குநர் வுடி அலன் தன்ரை படத்துக்கு அவரைக் கேட்டும், காப்புறுதி கிடைக்காமல் வேறை ஆளைப் போட்டவர்.

வல்வைக் காற்று:
மேலை சொன்னது சரி. அந்தச் சிக்கல் எப்பிடி அவிழ்ந்தது எண்டதையும் சொல்லுங்கோ. 2003 இலை 'த சிங்கிங் டிடெக்டிவ்' படத்துக்கு நடிகர் மெல் கிப்சன் அந்தக் காப்புறுதிக் காசைத் தானே கட்டினவர். சிநேகிதத்துக்காகச் செய்தது. அதே வருசம் 'கொதிகா' படத்திலை தயாரிப்பாளர் ஜோயல் சில்வர் வேறை வழி பிடிச்சார்: சம்பளத்திலை 40 வீதத்தைப் பிடிச்சு வைச்சு, படப்பிடிப்பு முடிஞ்சாப்பிறகுதான் குடுத்தவர். எனக்கு உதுதான் கெட்டித்தனமாத் தெரியுது. அன்பை நம்பாமல் ஒப்பந்தத்தை நம்பினது. பிறகு டவுனி கலியாணம் கட்டின சூசன் லெவினைச் சந்திச்சதும் அந்தப் படத்திலைதான். 2005 இலை சில்வரே திரும்ப 'கிஸ் கிஸ் பாங் பாங்' குடுத்தார். பெரிய வசூல் இல்லை. படம் முடிஞ்சு திரைக்கு வந்தால் காப்புறுதிக்காரருக்குக் காணும்.

குருநகர்க் கரை:
ஓம், சில்வரை விட்டிட்டன். அயன் மானுக்கு அவரை எடுக்க ஏன் தயங்கினவை எண்டதும் காசுக் கதைதான். 2005 இலை அந்தப் படத்தை எடுத்த சித்திரக்கதைக் கொம்பனி மார்வெல் தன்ரை கதாபாத்திரங்களின்ரை படஉரிமையை ஈடு வைச்சு மெரில் லிஞ்ச் எண்ட நிதி நிறுவனத்திட்டை 52.5 கோடி டொலர் வரைக்கும் கடனுக்கு ஒழுங்கு பண்ணினது. அந்தக் காசிலை வந்த முதல் படம் இது. இயக்குநர் ஜோன் ஃபவ்ரோ பிடிவாதமா நிண்டு, திரைச் சோதனை எடுத்துக் காட்டித்தான் சம்மதிக்க வைச்சவர். செலவு 14 கோடி, உலக வசூல் 58 கோடிக்கு மேலை.

பேச்சிலை ரெண்டு பிழை விடாதேங்கோ. 1999 இலை தீர்ப்பு 3 வருசம், ஆனால் உள்ளை இருந்தது ஒரு வருசமளவுதான். அவரை உள்ளை போட்டது போதைப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டதுக்கு. 1996 இலை பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை கட்டிலிலை நித்திரை கொண்டு பிடிபட்ட கதையைப் போட்டுக் குழப்பவேண்டாம். மற்றது, அப்ப கலிபோர்னியா ஆளுநரா இருந்த ஜெரி பிரவுன் மன்னிப்புக் குடுத்தது 2015 மார்கழியிலை. அதாலை வாய்ப்பு வந்தது எண்டு சொன்னால் ஆராவது எழும்பிக் கேப்பினம்.

நல்லூரான்:
அப்ப 2024 ஒஸ்காரை எங்கை வைக்கிறது?

வல்வைக் காற்று:
கடைசியிலை, ஒரு வரி. 'ஒப்பன்ஹைமர்' படத்திலை லூயிஸ் ஸ்ட்ராஸா நடிச்சதுக்கு, துணை நடிகர் பிரிவு. அரை மணித்தியாலத்திலை 20 நிமிசத்தைச் சில்வரின்ரை 40 வீதத்துக்கு விடுங்கோ.