அமேசானுக்குப் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நைட்ரஜனைக் காற்றிலிருந்து நுண்ணுயிர்கள் மண்ணில் சேர்க்கின்றன. வளிமண்டலத்தில் வாயுவாக இல்லாத பாஸ்பரஸ், ஓயாத மழை அரித்துச் செல்லும் அமேசான் மண்ணுக்கு எப்படித் திரும்புகிறது?

பதில் 1: பெரும்பகுதி காட்டை விட்டு வெளியேறுவதே இல்லை, ஐயா. உதிர்ந்த இலை மட்கும்போதே, அதன்மேல் படர்ந்த மெல்லிய வேர்களும் பூஞ்சை இழைகளும் சத்தை உறிஞ்சி மரத்துக்குத் திருப்பிவிடுகின்றன.

பதில் 2: சஹாராவையும் சேர்க்க வேண்டும். சாட் நாட்டின் போடேலே பள்ளம் முன்பு ஏரி. அங்கே படிந்த டயட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் தூளாகி அட்லாண்டிக்கைக் கடக்கின்றன. சஹாரா தூசியோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸ் அமேசானில் இறங்குவதாகவும், மழையும் வெள்ளமும் கொண்டுபோகும் அளவுக்கு அது ஏறக்குறைய ஈடாவதாகவும் 2015இல் வெளியான ஆய்வு கணித்தது, வியப்புக்குரியதே.

கேட்டவர்: காட்டை எரித்துப் பயிரிட்டால் சாம்பலின் வளம் சில பருவங்களில் தீர்ந்துவிடுவது ஏன் என்பதும் விளங்குகிறது: பிடித்துவைக்க அந்த வேர்வலை அங்கில்லை. நன்றி.