ஏற்காட்டுக் கர்ப்பிணிக் குடும்பங்களை ஆய்வில் சேர்க்க உதவி தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சேலத்திலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் கர்ப்பிணிகளின் உடல்நலத் தரவுகளைத் தொகுக்கும் ஓர் ஆய்வில் பணியாற்றுகிறேன். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டைப் பக்கம் பங்கேற்க விரும்பும் குடும்பங்களைக் கண்டறிய உங்கள் உதவியை நாடுகிறேன்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை உடல் சற்றுக் கூடுதலாக உண்டாக்குகிறது; சமவெளிக்குரிய அளவுகோலை அப்படியே மலையில் வைத்துப் பார்த்தால் சிலரது ரத்தசோகை கண்ணுக்குத் தப்பிவிடும். மலைத் தாய்மார்களின் தரவு அவசியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தாய் சேய் நல அட்டையில் செவிலியர் எழுதிவைக்கும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றை மட்டும், பெயரையும் பிக்மி எண்ணையும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) நீக்கிவிட்டுப் பயன்படுத்துவோம். புதிதாக ஊசியோ மருந்தோ கிடையாது. கணவரோ மாமியாரோ தலையாட்டினால் போதாது, விவரங்களைக் கேட்டறிந்து கர்ப்பிணியே சம்மதிக்க வேண்டும். இடையில் விலகினாலும் ஆரம்ப சுகாதார நிலையச் சிகிச்சையோ முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையோ பாதிக்கப்படாது.

உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் முதலில் கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவர்களது கைபேசி எண்ணைக் குழுவில் பகிர வேண்டாம்.