பாலியல் தொழில் சட்டங்கள்: நாடுகளை ஒப்பிட்டு எழுத உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். பாலியல் தொழிலைச் சட்டம் எவ்வாறு அணுகுகிறது என்பதை நாடுவாரியாக ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். சட்டம், சமூகப்பணி, பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் இருப்பவர்களின் வழிகாட்டுதல் எனக்குத் தேவைப்படுகிறது.

சுவீடன் 1999 முதல் விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரைத் தண்டிக்கிறது. நார்வே, பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகள் பின்னர் இவ்வழிக்கு வந்தன. ஜெர்மனி இதைத் தொழிலாக ஏற்று, 2017 முதல் தொழிலாளர்கள் பதிவு செய்துகொள்வதைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்தோ 2003-இல், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய சட்டத்தின் மூலம், வயதுவந்தோர் விருப்பத்துடன் செய்யும் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கி, பணியிடப் பாதுகாப்பு விதிகளை அதற்கும் பொருத்தியதுடன், வாடிக்கையாளரை மறுக்கும் உரிமையையும் உறுதிசெய்தது. மனிதத்தன்மை மிகுந்த வழி இதுவே என்பது என் கருத்து. ஆயினும், தற்காலிக விசாவில் வந்தவர்களை அச்சட்டம் விலக்கிவைத்திருப்பது என்னை உறுத்துகிறது: சுரண்டலுக்கு எளிதில் ஆளாகக்கூடியவர்களே நாடுகடத்தப்படும் அச்சத்தில் புகார் அளிக்காமல் இருந்துவிட்டால், அந்தப் பாதுகாப்பு யாரைத்தான் சென்றடையும்?

ஆகவே, புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்த நூல்களோ அறிக்கைகளோ, குறிப்பாகத் தொழிலாளர் அமைப்புகளே வெளியிட்டவை, தெரிந்திருந்தால் பகிருங்கள். வேலை ஒப்பந்தம், மகப்பேறு விடுப்பு முதலியவற்றை வழங்கும் பெல்ஜியத்தின் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு களத்தில் என்ன மாறியது என்று அறிந்தவர்கள் சுருக்கமாக எழுதினாலும் பேருதவியாக இருக்கும். கட்டாயப் பதிவைத் தொழிலாளர்கள் ஏன் தவிர்க்கிறார்கள் என்பதை நேரில் கேட்டறிந்தவர்கள் எவரேனும் இருந்தால், அவர்களுடன் விரிவாக உரையாட விரும்புகிறேன்.